எட்டாம் நாள் துணி

ஹலோ... ஹலோ, தம்பியா? ... அப்பாடா, எடுத்தியே. பதினோரு தடவை அடிச்சுட்டேன்ப்பா. மணி அடிக்குது, அடிக்குது, தானா கட்டாயிடுது... ஆமா, அக்காதான். அக்காதான் பேசறேன்... இருக்கேன், இருக்கேன். சாப்பிட்டேன். தூங்கினேன். அதையெல்லாம் விடு. இப்ப எங்க இருக்க நீ?

... ஆஸ்பத்திரியிலயா? மார்ச்சுவரி உள்ளயா? ... ஆமா ஆமா, டீச்சர் சொன்னாங்க, மூணு மணிக்கு நம்ம சபை ஐக்கியம் செய்யற அடக்கம் ஒண்ணு இருக்குன்னு, யாரும் தேடி வராத ஒருத்தருக்கு. கையில கிளவுஸ் மாட்டியிருக்கியா? ... அதான் போனை எடுக்கலையா. சரி, ஒரு கையை மட்டும் கழட்டு. கழட்டிட்டியா? ... போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. விசாரணையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்.

அந்த மனுஷனுக்கு என்ன சட்டை போடற?

... சட்டைப்பா, சட்டை. சபை ரூமு பீரோவுல இருந்து காலையில ஒரு செட்டு எடுத்துட்டுப் போனியாமே. அதுல இருந்த சட்டை. என்ன கலரு? ... சாம்பல். முழுக்கையா? ... கெட்டித் துணியா இருக்கும், குளிருக்குப் போடற மாதிரி... ஆமா. ஆமா. இப்ப மேல இருந்து மூணாவது பட்டனைப் பாரு. மத்ததெல்லாம் வெள்ளையா இருக்கும். அது ஒண்ணு மட்டும் கறுப்பா இருக்கா? ... அவசரப்படாத. எண்ணிப் பாரு.

...

இருக்கா.

... இல்லப்பா, ஒண்ணும் ஆகல. லைன்லதான் இருக்கேன். உக்காந்துதான் இருக்கேன். ஒரு நிமிஷம் பேசாம இரு.

... சரி. சொல்லு. அதைப் போட்டு விட்டுட்டியா? ... ஒரு கை மாட்டியாச்சு. இன்னொரு கை மாட்டப் போற நேரத்துல போன் வந்துச்சு. அப்படித்தானே? ... அப்படியே நிறுத்து தம்பி. மேற்கொண்டு மாட்டாத. கழட்டவும் கழட்டாத. நிறுத்துன்னா நிறுத்து. என்ன ஏதுன்னு சொல்றேன். வாட்ச்மேன் பக்கத்துல இருக்காரா? ... அவரைக் கூப்பிட்டு முதுகுல கை குடுத்துத் தாங்கிக்கச் சொல்லு. தலை தொங்கக் கூடாது. கூப்பிடு, நான் காத்திருக்கேன்.

... ம். ம். வந்துட்டாரா? நல்லது.

அது அவரோட சட்டை தம்பி... யாரோடன்னா? என் வீட்டுக்காரரோடது. வேற யாரை நான் அவருங்கறேன்?

... உனக்கு எப்படித் தெரியும்? தெரிய வாய்ப்பே இல்ல. யாரோட துணின்னு பீரோவுல யாரும் எழுதி வைக்கறதில்லையே. யாரும் சொல்லக் கூடாது, யாரும் கேக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது யாரு? இந்த மகராசிதான். நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? உன்னை நான் ஒரு வார்த்தை சொன்னேனா?

... இல்ல. நான் குடுக்கல. நான் குடுக்கவே இல்லப்பா. டீச்சர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. நேத்து எட்டாம் நாள் இல்லையா, செத்தவங்க துணியை ஐக்கியத்துக்காரங்க வந்து எடுக்கற நாளு? நானே மறந்துட்டேன். அவங்க மறக்கல. ஸ்டோர் அம்மாவையும் அந்த உயரமான நர்ஸையும் கூட்டிக்கிட்டு, மூணு பேரா, மூணு பை எடுத்துக்கிட்டு, காலையில பத்து மணிக்கெல்லாம் வந்துட்டாங்க. நான் தூங்கிட்டிருந்தேன். டாக்டர் குடுத்த மாத்திரை. எட்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லாம நேத்துதான் கண்ணு அசந்தேன். என் பொண்ணு கதவைத் திறந்திருக்கா. அம்மாவை எழுப்பவான்னு கேட்டாளாம். எழுப்பாதம்மா, எழுப்பாம எடுத்துட்டுப் போறதுதான் உங்கம்மா எங்களுக்குக் கத்துக் குடுத்த முறைன்னு டீச்சர் சொன்னாங்களாம். அவளும் சரின்னுட்டா. சின்னதுல இருந்து என் வாயால கேட்டுக் கேட்டு வளர்ந்தவளாச்சே. நமக்கும் அதே முறைதானேன்னு நெனச்சுட்டா பாவம்.

... ஆமா. ஆமா. அவங்க மேல தப்பே இல்ல. ஒரு பொட்டு தப்பு இல்ல. அவ்வளவு ஒழுங்கா செஞ்சிருக்காங்க. பீரோவுல இருந்தது ஒண்ணு பாக்கியில்ல. கொடியில கெடந்தது, கட்டிலுக்கடியில சுருட்டி வச்சிருந்த சாக்ஸு வரைக்கும் போயிடுச்சு. அலமாரியைத் துடைச்சு, உள்ள புதுப் பேப்பர் விரிச்சுட்டுப் போயிருக்காங்க. அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதான். காலி அலமாரியைப் பாத்தா வீட்டுக்காரங்களுக்குப் பகீர்னு இருக்கும், பேப்பர் விரிச்சுட்டு வாங்க, கொஞ்சம் புதுசா தெரியும்னு பன்னெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். இப்பத்தான் தெரியுது, பேப்பர் விரிச்சாலும் பகீர்னுதான் இருக்கு.

... கதவுக்குப் பின்னாடி. அந்தச் சட்டை பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. அங்கயும் பாத்திருக்காங்க. கதவுக்குப் பின்னாடி பாக்க மறந்துடாதீங்க, ஆம்பளைங்க அங்கதான் மாட்டி வைப்பாங்கன்னு புதுசா சேர்றவங்களுக்கு நான்தானே பாடம் எடுப்பேன்? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடியிருக்காங்க.

... இல்ல தம்பி, அழல. சளி.

எப்பத் தெரிஞ்சுச்சா? காலையில. நேத்து மாத்திரை போட்டுப் படுத்தவ இன்னைக்குத்தான் எந்திரிச்சேன், பாத்ரூம் போயி கதவைச் சாத்திட்டுத் திரும்பறேன், வெறும் ஆணிதான் இருக்கு. பொண்ணு மேல எரிஞ்சு விழுந்தேன். அவ அழுதுக்கிட்டே டீச்சருக்குப் போனைப் போட்டுக் குடுத்தா. டீச்சர் அதுக்கு மேல அழறாங்க. ஐயோ அதைத் தம்பி காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டாரேங்கறாங்க. அப்ப இருந்து உனக்கு அடிக்கிறேன். என் பொண்ணு ஆட்டோ பிடிக்கக் கீழ போயிருக்கா, நேர்ல வந்துடலாம்னு. நல்லவேளை நீ எடுத்த.

... ஏன் அந்தச் சட்டைன்னா... கேளு. வாட்ச்மேனுக்குக் கை வலிக்குதா? ... முதுகுக்குத் தலையணை வச்சுக்கட்டும். ஒரு அஞ்சு நிமிஷம். உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறேன்? அவருக்குப் பொட்டி செஞ்சவன் நீ.

அன்னைக்குச் சாயங்காலம் அதைத்தான் போட்டிருந்தாரு. ரிட்டையர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு, ஆனாலும் வாரத்துல ரெண்டு நாள் பிரஸ்ஸுக்குப் போகாட்டி அவருக்குத் தூக்கம் வராது. பழைய அச்சு மெஷின் ஒண்ணு இருக்கு, அதை இவருதான் தொடணும், வேற யாரு தொட்டாலும் மக்கர் பண்ணும்னு ஒரு பெருமை. அன்னைக்கும் போயிட்டு வந்தாரு. சட்டையெல்லாம் மை, மண்ணெண்ணெய், அதோட முதுகுல தடவற தைலம். மூணும் சேந்து ஒரு வாடை அடிக்கும் பாரு, அவரு தெருமுனையில திரும்பினாலே எனக்கு இங்க தெரிஞ்சுடும். முப்பத்தாறு வருஷமா அதைத் திட்டிட்டே இருந்திருக்கேன்.

... ஆமா. அன்னைக்கும் திட்டினேன். கொஞ்சமா இல்ல, வாய்க்கு வந்தபடி. மறுநாள் நம்ம ஐக்கியத்துக்காரங்க இருபது பேரு வீட்டுக்கு ஜெபத்துக்கு வர்றதா இருந்துச்சு இல்ல? அந்த டென்ஷன். ஊருக்கெல்லாம் துணி துவைச்சுக் குடுக்கறேன், என் வீட்டு ஆம்பளை இப்படி நாறிக்கிட்டு நிக்கறீங்களே, கழட்டுங்க, நாலு பேரு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணுமா அப்படின்னேன். அவரு சிரிச்சாரு. காலையில துவைச்சுக்கலாம் போன்னு சொல்லிட்டு, கதவுக்குப் பின்னாடி மாட்டிட்டு, பனியனோட போய்ப் படுத்தாரு. நான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவ்வளவுதான். காலையில தொட்டா ஜில்லுன்னு இருக்காரு.

...

அதான்ப்பா. நான் அவர்கிட்ட கடைசியா பேசினது அந்தச் சட்டையைப் பத்திதான். கழட்டுங்கன்னேன், கழட்டிட்டுப் போயிட்டாரு.

... சொல்லாத. ஆறுதல் சொல்லாத தம்பி. நான் எத்தனை வீட்டுல அதே ஆறுதலைச் சொல்லியிருக்கேன், எனக்கு அது மனப்பாடம். ஆண்டவருக்குத் தெரியும், எல்லாம் நன்மைக்கு, அவரு நல்ல இடத்துல இருக்காரு... தெரியும்ப்பா. நம்பிக்கை இல்லாம இல்ல. ஆனா காலையில எந்திரிச்சு அந்தச் சட்டைக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு நிக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்துச்சு பாரு, அது ஜெபத்துல கூட வரல. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். ரொம்ப எடுத்தா தீந்துடும்னு ஒரு பயம். நேத்து எடுக்கல. தூங்கிட்டேன்.

... ம். ம். பாஸ்டர் கேட்டா என்ன சொல்லுவாரோ. சொல்லட்டும்.

தம்பி, இப்ப நான் ஒண்ணு கேப்பேன். கூச்சப்படாம செய்யணும். ... முதல்ல சரின்னு சொல்லு. ... துவைச்சாச்சுன்னு எனக்குத் தெரியும். டீச்சரே சொன்னாங்க. நேத்து மத்தியானமே கொதிக்கிற தண்ணியில ரெண்டு தடவை போட்டு, மருந்து ஊத்தி, ரெண்டு அலசு அலசி, ராத்திரி முழுக்க ஃபேன் போட்டுக் காய வச்சு, காலையில இஸ்திரியும் போட்டாச்சாம். ஆனா அது கெட்டித் துணிப்பா. காலர்ல உள்பக்கம் ரெண்டு மடிப்பு இருக்கும். முப்பத்தாறு வருஷத்து மை. ஒரு நாள் துவைச்சா போயிடுமா? சில கறை போகாதில்ல? வாடையும் அப்படித்தானே? நீ அந்தக் காலரை மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போய்... ஆமா. மோந்து பாரு. எனக்காக.

... அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. அந்த மனுஷன் இனிமே என்ன நெனக்கப் போறாரு? வாட்ச்மேனை அந்தப் பக்கம் பாக்கச் சொல்லு.

... பாத்தியா?

... சோப்பு. வெறும் சோப்பா? உள்மடிப்பைப் பிரிச்சுப் பாத்தியா? ... சரி, கக்கத்துல பாரு. மாட்டாத கையில. அங்கதான் தைலம் இறங்கும்.

... சோப்பு.

முதுகுல? ... சோப்பு. ம்.

... என்ன? என்ன சொன்ன? ... இருக்கா? எங்க? தோள்கிட்டயா? கொஞ்சூண்டு அடிக்குதா? தம்பி, நெஜமா? ... என்ன வாடைன்னு சொல்லு. மையா? தைலமா? ... தலைக்குத் தடவற எண்ணெயா?

...

அவரு தலையில முடி எங்கப்பா இருந்துச்சு? கல்யாணம் ஆகி அஞ்சாவது வருஷமே மைதானம் ஆயிடுச்சே. பொட்டிக்கு அளவெடுத்தவன்தானே நீ, அதைப் பாக்கலையா? ... சரி, சரி. அழாத. உன் மேல கோவமே இல்ல. பொய் சொல்லக் கூடத் தெரியல உனக்கு. பலகை அறுக்கறதுக்குத்தான் லாயக்கு. ... சிரிக்கிறேன்ப்பா. சிரிப்புத்தான் இது. அவரு இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. தலைக்கு எண்ணெயாம்.

... கண்ணைத் தொடைச்சுக்க. கிளவுஸ் கையால தொடைக்காத, அந்தக் கையால தொடை.

போச்சு தம்பி. போயிடுச்சு. என் கையாலயே போச்சு. டீச்சர் துவைக்கல, நான்தான் துவைச்சிருக்கேன். செத்தவங்க வாடை துளி கூட இருக்கக் கூடாது, வாங்கறவங்க மனசு சங்கடப்படும், ரெண்டு தடவை கொதிக்க வைங்கன்னு யாரு சொன்னது? அவங்க ஒரு தடவைதான் கொதிக்க வச்சாங்க முன்னாடி. அது பத்தாதுன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சண்டை போட்டு ரெண்டாக்கினவ நான். வாங்கறவங்களை நெனச்சேன். குடுக்கறவங்களை நெனக்கல.

... இல்ல, இல்ல. நெனக்கவே இல்ல. நீ எனக்குப் பரிஞ்சு பேசாத. அந்தப் பொண்ணை ஞாபகம் இருக்கா உனக்கு? குழந்தைத் தொப்பிக்காக வந்தாளே... ரெண்டு வருஷம் ஆச்சு. நீதானே வண்டி ஓட்டின... ஆமா, மாடி வீடு, குறுகலான படிக்கட்டு. அஞ்சு மாசக் குழந்தை. எட்டாம் நாள் நாமதான் போனோம். அவ புருஷன் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டான். அவ ஒரு மூலையில உக்காந்துக்கிட்டு, நாம எடுக்கறதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா. நாம வண்டியைக் கிளப்பினதுக்கு அப்புறம்தான் செருப்பு கூட இல்லாம ஓடி வந்தா. அந்த மஞ்சள் தொப்பியை மட்டும் குடுத்துடுங்க, துவைக்காதீங்கன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தா.

... நீ கேட்ட. நிறுத்தவா அக்கான்னு கேட்ட. ரெண்டு தடவை கேட்ட.

வேணாம், ஓட்டுன்னு சொன்னேன் நான்.

... எனக்குத் தெரியும்ப்பா, நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். ஒண்ணைக் குடுத்தா எல்லாத்தையும் கேப்பா, அதைக் கட்டிக்கிட்டே படுத்துக் கெடப்பா, எந்திரிக்க மாட்டா. விட்டாத்தான் மனசு ஆறும்னு நெனச்சேன். அடுத்த வாரம் கூட்டத்துல அதையே சாட்சியா வேற சொன்னேன், எல்லாரும் தலையாட்டினீங்க. அவ கண்ணாடியில தெரிஞ்சா தம்பி. வண்டிக் கண்ணாடியில. சின்னதாகிக்கிட்டே போனா. நான் பாக்காத மாதிரி முன்னாடி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

... நீயும் பாத்தியா? ... இத்தனை நாள் சொல்லவே இல்லையே. ... ம். என்கிட்ட யாரு வந்து சொல்லுவீங்க? பாஸ்டரே என்னைப் பாத்தா ஜெபத்தைச் சுருக்கிக்கறாரு.

தொப்பி எங்க போச்சுன்னு தெரியுமா உனக்கு? எனக்கும் தெரியாது. கொதிக்க வச்சு யாருக்கோ குடுத்திருப்போம். அவ இருக்கற வீடு எனக்குத் தெரியும். இந்த வாரம் போகணும். என்ன சொல்றதுன்னு தெரியல. கையில குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா போய் நிக்கணும். திட்டினா வாங்கிக்கணும்.

... நீயும் வர்றியா? ... வேணாம். இது என் கணக்கு.

... ஆமாப்பா, டீச்சர்கிட்ட நானே சொல்றேன். இனிமே எழுப்பி, கேட்டுட்டு எடுக்கட்டும். அழுதா அழட்டும். அழுகைக்குப் பயந்துதானே நாம தூங்கற வீட்டுல திருடற மாதிரி பையைத் தூக்கிட்டுப் போறோம்? அவங்க அழுதா நமக்குத் தாங்காது. அதுக்கு ஒரு முறைன்னு பேரு வச்சுக்கிட்டோம்.

... என்ன கேட்ட? ... சட்டையை என்ன பண்றதுன்னா?

... கழட்டிக் கொண்டு வர்றேங்கறியா? அவருக்கு வேற என்ன போடுவ? ... உன் வண்டியில இருக்கற உன் சட்டையா? வேலைச் சட்டையா, மரத்தூளோட? ... நீ சொல்லுவ. நீ செய்யற ஆளுதான்.

இரு. கொஞ்சம் இரு. யோசிக்கறேன்.

... நேர்மையா சொன்னா தம்பி, இந்தப் போனைப் போடும்போது எனக்கு அந்த மனுஷன் மேல கோவம்தான். யாரு எவருன்னு தெரியாது, என் புருஷன் சட்டைக்குள்ள எப்படிக் கையை விடுவான்னு. கழட்டி எறி, வெறும் துணியைச் சுத்திப் புதைங்கன்னு சொல்லணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆண்டவரு மன்னிக்கட்டும். பன்னெண்டு வருஷமா அனாதைன்னு ஒரு வார்த்தை சபைக்குள்ள பேசக் கூடாதுன்னு அதட்டினவ நான். வீட்டுக்காரங்க இன்னும் வந்து சேராதவங்கன்னுதான் சொல்லணும்பேன். இன்னைக்குக் காலையில என் வாயில முதல்ல வந்த வார்த்தை அதுதான். எவனோ ஒரு அனாதைன்னு.

அவரு எப்படி இருக்காரு? ... சொல்லு, தெரிஞ்சுக்கறேன். வயசு என்ன இருக்கும்? ... அறுபத்தஞ்சு, எழுபது. ஒல்லியா? ... பஸ் ஸ்டாண்டுல பெஞ்சுலயா? எத்தனை நாளா அங்க மார்ச்சுவரியில இருக்காரு? ... இருபத்திரண்டு நாள். போலீசு பேப்பர்ல போட்டும் யாரும் வரல. ம். இருபத்திரண்டு நாளா அந்த டிராயருக்குள்ள.

பாக்கெட்டுல ஏதாவது இருந்துச்சா? ... ஒரு சீப்பு. பாரு, அவருக்கு முடி இருந்திருக்கு. ... தலையை வாரி விட்டியா? ... அந்தச் சீப்பாலயேவா. நல்லது. நல்லது தம்பி.

அவரு வீட்டுலயும் ஒருத்தி இருப்பா இல்ல? எங்கயோ ஒரு கதவுக்குப் பின்னாடி அவரு சட்டை தொங்கும். அவளுக்கு இன்னும் தெரியாது. போனவரு வரலன்னு திட்டிக்கிட்டு இருப்பா. இல்ல, யாருமே இல்லையோ என்னவோ.

... ம். கேக்கறேன். சொல்லு. ... ரொம்ப ஜில்லுன்னு இருக்காரா?

...

இவ்வளவு நேரமா ஒரு கையில சட்டையோட, பாதி முதுகு தெரிய, உக்கார வச்சிருக்கீங்களா அந்த மனுஷனை? ... நான் சொன்னதாலதான். தெரியுது. நான் சொன்னா உலகமே நிக்கும் உங்களுக்கு. பாவம் தம்பி. போதும். அவருக்கு மாட்டி விடு.

... கேட்டுட்டுத்தான் சொல்றேன். யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். கொண்டு வந்தா நான் என்ன பண்ணப் போறேன்? தினம் எடுத்து மோந்து பாப்பேன். தினம் சோப்பு வாசனைதான் வரும். ஒவ்வொரு நாளும் அவரு இன்னொரு தடவை போவாரு. வேணாம். எனக்கு வேண்டியது அதுல இல்ல. மிச்சம் இருக்கறது ஒரு நல்ல சட்டை, அவ்வளவுதான். குளிருல கெடந்தவருக்கு ஆகட்டும்.

... இல்லப்பா, பெரிய மனசெல்லாம் இல்ல. கூட்டத்துல போய் இதைச் சாட்சியாச் சொல்லிடாத. எனக்கு வயிறு எரியுது. எரிஞ்சுக்கிட்டேதான் குடுக்கறேன். புரியுதா? ... ம்.

போனை வாட்ச்மேன் கையில குடுத்துட்டு வேலையைப் பாரு. வைக்காத. நான் லைன்லயே இருக்கேன்... ஹலோ, ஐயா, வணக்கம்... ஆமாங்க, நான்தான். கஷ்டம் குடுத்துட்டேன். கை வலிக்குதுங்களா? ... மாட்டறாரா? வலது கையை முதல்ல மடக்கச் சொல்லுங்க, வெறச்சிருக்கும். இழுக்கக் கூடாது. அது முழங்கைகிட்ட கொஞ்சம் பிடிக்கும், தையல்... ஆங், பொறுமையா. ... போயிடுச்சா? ... தோள் சரியா உக்காருதுங்களா? ... பெருசா இருக்குதா. இருக்கும். அவருக்கு அகலத் தோளு. பரவாயில்ல. பெருசா இருந்தா குளிருக்கு நல்லதுதான். கை நீளம்? ... விரலை மூடுதா. ரெண்டு மடிப்பு மடிச்சு விடச் சொல்லுங்க. உள்பக்கமா மடிக்கச் சொல்லுங்க, பாக்க நல்லா இருக்கும்.

... ஆமாங்க. எட்டு நாள்தான் ஆச்சு. இன்னைக்கு ஒன்பது. ... நன்றிங்க. தம்பிகிட்ட குடுங்க.

... ம். முடிஞ்சுதா? எப்படி இருக்காரு? ... அப்படியா.

... சரிப்பா. சரி. மூணு மணிக்கு நானும் வர்றேன். ... ஏன், வரக் கூடாதா? வேலையா வரல. எதையும் பாக்கறதுக்கும் இல்ல, நீ பொட்டியை மூடிடு. சும்மா ஒரு ஓரமா நிக்கறேன். பொண்ணு கீழ ஹாரன் அடிக்கச் சொல்லிட்டு இருக்கா, ஆட்டோ கெடச்சுடுச்சு போல. அதுலயே வந்துடறேன்.

... என்ன, பட்டனா? எல்லாம் போட்டுட்டியா? கழுத்துப் பட்டனும் போட்டுட்டியா?

அதை மட்டும் கழட்டி விடு தம்பி. கழுத்தை இறுக்கினா அவருக்குப் பிடிக்காது.

... யாருக்கா?

... அவருக்குத்தான்ப்பா. கழட்டி விடு. வச்சுடறேன்.